மூக்கி கேட்டு வாங்கிய சாபம்

அந்தக் காலத்தில், கரையான்கூட வாய் திறந்து பேசிய காலத்தில், சிம்பன்சிக் குட்டிகள் பிறந்த மூன்றாம் நாளே குச்சி ஒடித்துக் கரையான் பிடிக்கும். அப்புறம் தாய் எதற்கு? திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். நன்றிகெட்ட ஜென்மங்கள்!

மூக்கி என்ற சிம்பன்சிக்கு அப்படியே மூன்று குட்டிகள் போயின. மூன்றையும் சிறுத்தை தின்றது. நாலாவதாகப் பிறந்தவள் பொட்டு. மூன்றாம் நாள் காலை அவளும் மடியை விட்டு இறங்கினாள். புற்றுக்குள் குச்சியை விட்டு, அதைக் கவ்விக்கொண்டு வந்த கரையானை வழித்துத் தின்றாள்.

"வரட்டுமா அம்மா?"

மூக்கிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "எங்கேடி போறே? நடக்கவே கால் தள்ளாடுது!"

"எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீ எதுக்கு?"

"கொழுப்பைப் பாரு! சிறுத்தையைத் தெரியுமாடி உனக்கு?" மூக்கி குச்சியைப் பிடுங்கி நறநறவென்று கடித்துத் துப்பினாள். புற்றின்மேல் ஓங்கி அறைந்தாள். "ஏய் ராணிக் கரையானே! சும்மா கிடக்கிறாயே, வெட்கமாயில்லை? இவளைச் சபித்துத் தொலை! இந்த வித்தை இவளுக்கு மறந்து போகட்டும்!"

தின்னப்படுகிறவர்களின் சாபம் பலித்த காலம் அது. ராணியும் கொதித்துப்போய்த்தான் இருந்தாள்.

"பெற்றவள் கேட்காமல் குட்டியைச் சபிக்க முடியாது. அதனால்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சபிக்கிறேன், உன் குலத்துக்கே சேர்த்து! திரும்பப் பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை உன் குச்சியைப் பிடுங்குவாள், உடைப்பாள். நீ பசியோடு பார்த்துக்கொண்டிருக்கணும். அதற்காக ஒரு அடி அடித்தாலும் சாபம் கலையும், உன் மகள் போய்விடுவாள். சம்மதமா?"

"சம்மதம். போடு!"

அவ்வளவுதான். பொட்டு தரையில் கிடந்த குச்சிகளை எதற்கென்றே தெரியாமல் பார்த்தாள். வீலென்று அழுது தாயின் வயிற்றில் தொற்றிக்கொண்டாள்.

பசி தாங்காமல் மூக்கி நல்ல குச்சியாக ஒடித்து, இலை உருவிப் புற்றுக்குள் விட்டாள். வெளியே இழுத்ததும் பொட்டு அதைப் பறித்து, தலைகீழாகக் குத்தி, முறித்தே போட்டாள். மூக்கியின் கை ஓங்கிவிட்டது. சிறுத்தை நினைவுக்கு வந்தது. கையை இறக்கி, பொருமிக்கொண்டே இன்னொரு குச்சி ஒடித்து மகளிடம் நீட்டினாள். "இந்தா, தொலை. இதையும் உடை."

அன்று முதல்தான் சிம்பன்சிக் குட்டிக்குக் குச்சி பிடிபட வருஷங்கள் ஆகின்றன. தாய்க்காரியும், எவ்வளவு ஆத்திரம் வந்தாலும், தன் குச்சியைக் கொடுத்துவிட்டு வேறொன்றை ஒடிக்கப் போகிறாள்.