பாய்லருக்கு எதிரே ஒரு நாற்காலி

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் வெட்டிக்கொண்டு மடிந்த காலம். ஆற்றில் போன போர்க்கப்பல் ஒன்றின் இன்ஜின் அறையில், ப்ரூவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

மில்லில் இன்ஜின் ஓட்டிவிட்டு, நரைத்த தலையோடு கடற்படைக்கு வந்தவர் அவர். தன்னைவிடப் பத்து வயது இளையவரான தலைமை இன்ஜினியர் ஹால்ஸ்டெட்டிடம்தான் கப்பல் வேலை கற்றார்.

போன மாதம், ஹால்ஸ்டெட் காய்ச்சலில் கிடந்த நாளில், எதிரியின் கோட்டையைத் தாண்ட வேகம் போதவில்லை என்றார் கேப்டன். மிஞ்சிய நீராவியை வெளியேற்றும் வால்வு திறக்காதபடி அதில் எடையைத் தொங்கவிடச் சொன்னார். கேப்டன் சொன்னால் காரணம் இருக்கும் என்று ப்ரூவர் தன் கையாலேயே தொங்கவிட்டார். நீராவி அழுத்தம் ஏறிக் குழாய் வெடித்தது. கரி அள்ளிப்போட்ட டூலியும் ஹேன்ஸும் வெந்து செத்தார்கள்.

விசாரணையில் கேப்டன், "ஆபத்து என்று எனக்குத் தெரியாது" என்றார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, கையோடு அவருக்கு ஒரு பதக்கமும் குத்தி அனுப்பினார்கள். என்ன அநியாயம் இது!

"ஐயா, நெஜமாவே அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டார் ப்ரூவர்.

ஹால்ஸ்டெட் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேலிருந்து ஒரு மாலுமி இறங்கி வந்தான். "அடுத்த கோட்டை வந்துடுச்சு. வால்வுல எடையைத் தொங்கவிடச் சொல்றார் கேப்டன்."

ப்ரூவருக்கு ரத்தம் தலைக்கேறியது. "மறுபடியுமா? இங்க நிக்கிறவங்க மனுசங்களா, விறகா?"

ஹால்ஸ்டெட் அவரைக் கையமர்த்தினார். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து பாய்லருக்கு எதிரே போட்டார். துணியால் தூசி தட்டினார்.

"தொங்கவிடுறோம்னு சொல்லு," என்றார் மாலுமியிடம். "கோட்டையைத் தாண்டுறவரைக்கும் கேப்டன் இங்க உட்கார்ந்திருக்கணும். அவர் வந்ததும் தொங்கவிடுறோம்."

மாலுமி நாற்காலியைப் பார்த்தான். பாய்லரைப் பார்த்தான். ஏறிப் போனான்.

கரி அள்ளுகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

மாலுமி மட்டும்தான் திரும்பி வந்தான். "எடை வேண்டாமாம். இருக்கிற வேகமே போதுமாம்."

ப்ரூவர் ஹால்ஸ்டெட்டிடம் திரும்பினார். "தெரியாதுன்னு பைபிள் மேல கைவெச்சுச் சொன்னாரே, ஐயா!"

"தெரியாதவரா இருந்தா," என்றார் ஹால்ஸ்டெட், "வந்து உட்கார்ந்திருப்பார்."