தாளில் இருந்தது

மருதவாணன் நாற்பத்தாறு வயதில் மறுபடி மாணவர் ஆனார்.

அதுவரை மலை மேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்தார். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். காய்ச்சல், பிரசவம், செடி வெட்டும் கவாத்துக் கத்தி பட்ட காயம் எல்லாவற்றையும் பார்த்தார். ஈசிஜி மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. மெஷின் இருந்தது. தாள் வெளியே வரும். அதை மடித்து ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்து, நோயாளியோடு கீழே அனுப்பிவிடுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கீழே இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த வெட்கம் அவருக்குள் வருஷக்கணக்காக இருந்தது.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. மலையை விட்டு இறங்கி, மருத்துவக் கல்லூரியின் இதயப் பிரிவில் டாக்டர் பெனாசிர் முன்னால் வந்து நின்றார்.

பெனாசிர் அவரைவிட வயதில் சிறியவர். குறைவாகப் பேசுவார். பாராட்ட மாட்டார்.

"ஈசிஜி படிக்கக் கத்துக்கணும் மேடம்."

"இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க?"

"மடிச்சு அனுப்பினேன்."

பெனாசிர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து மேஜையில் அவர் பக்கமாக விரித்து வைத்தார்.

"இனிமே மடிக்காதீங்க."

அப்படித்தான் பாடம் தொடங்கியது. மருதவாணன் அளவெடுக்க ஒரு டிவைடர் வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். கட்டங்களை எண்ணினார். மேடுகளையும் பள்ளங்களையும் அளந்தார். மற்ற மாணவர்கள் டீ குடிக்கப் போகும்போது பழைய தாள்களை அள்ளிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

ஒருநாள் கேட்டார்.

"இந்தத் தாள்ல தெரியறது இதயம் துடிக்கிறதுதானே மேடம்?"

"இல்லை. துடிக்கச் சொல்லி இதயத்துக்குள்ள ஓடற மின்சாரம். வெறும் உத்தரவு."

"உத்தரவு போனா துடிக்கத்தானே செய்யும்?"

"இத்தனை வருஷம் அரசாங்க வேலையில இருந்தவர் நீங்க. உத்தரவு போனா வேலை நடந்துடுமா?"

மருதவாணன் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார். பெனாசிர் அடுத்த தாளை எடுத்தார்.

இரண்டாம் வருஷம் முடிவதற்குள் மருதவாணனை மிஞ்ச அந்தப் பிரிவில் மாணவர் யாரும் இல்லை. ஒரு பார்வை போதும். எந்த ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். செய்தி மலைக்கும் போயிற்று. அங்கிருக்கும் டாக்டர்கள் ஈசிஜியைப் படம் எடுத்து அவருடைய ஃபோனுக்கு அனுப்பினார்கள். அவர் உடனுக்குடன் பதில் போட்டார். சில உயிர்கள் அதனால் பிழைத்தன. அவருக்கு நடையே மாறிவிட்டது.

அதிகம் அனுப்பியது இனியாள். அவர் விட்டுவிட்டு வந்த அதே சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் டாக்டர். தனியாளாக மொத்தக் கூட்டத்தையும் பார்க்க வேண்டும்.

அன்று வெளிநோயாளிகள் வரும் காலை நேரம். மருதவாணன் வராந்தாவில் ஜூனியர்களோடு நின்றிருந்தார். ஃபோன் அதிர்ந்தது.

'சார், தோட்டத்துத் தொழிலாளி. இடது தோள்பட்டை வலிக்குதுன்னு வந்திருக்கார். ரொம்பச் சோர்வா இருக்கார். ஹார்ட்டா?'

கீழே ஈசிஜியின் படம்.

மருதவாணன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஜூனியர்கள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றீங்க?" என்று அவர்களைக் கேட்டார்.

அவர்கள் தயங்கினார்கள். அவர் தயங்கவில்லை. நின்றபடியே தட்டினார்.

'துடிப்பு சீராக இருக்கிறது. வேகம் மட்டும் அதிகம். ஹார்ட் அட்டாக் இல்லை. கவலை வேண்டாம்.'

அனுப்பிவிட்டு வார்டுக்குள் போனார்.

மதியம் இனியாள் அழைத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"என்னம்மா?"

"அவர் இறந்துட்டார் சார்."

"எப்படி? நான் பார்த்தேனே. நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஸ்கிரீன்ல கோடு ஓடிக்கிட்டுதான் சார் இருந்துச்சு. கடைசி வரைக்கும் ஓடுச்சு. நான் போய்க் கையைத் தொட்டப்போ நாடி இல்லை."

பிரேதப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது. முந்தின நாள் தோட்டத்தில் வெட்டிய மரக்கிளை ஒன்று அந்த ஆளின் இடது விலாவில் விழுந்திருக்கிறது. காயம் எதுவும் வெளியே இல்லை. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தோளில் வலி வந்தது அதனால்தான். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. இறைக்க ரத்தம் இல்லாதபோதும் உத்தரவு மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

மருதவாணன் ஃபோனை எடுத்துக்கொண்டு பெனாசிரிடம் போனார்.

"நீங்க படிங்க மேடம்."

பெனாசிர் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"சரியாத்தான் படிச்சிருக்கீங்க."

மருதவாணனுக்கு மூச்சு வந்தது. பெனாசிர் ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் அனுப்பிய பதிலைப் படித்தார். கடைசி இரண்டு வார்த்தைகளின் மேல் விரலை வைத்தார்.

"கவலை வேண்டாம். இது தாள்ல எந்த இடத்துல இருந்துச்சு?"

மருதவாணன் ஃபோனை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தோட்டத்தில் ஆட்கள் மறியல் செய்தார்கள். சுகாதாரத் துறை விசாரணை வைத்தது. விசாரணை அதிகாரியிடமிருந்து இதயப் பிரிவுக்கு ஈசிஜியின் நகல் வந்தது. டாக்டர் மருதவாணன் இதைப் படித்த விதம் சரியா என்று நிபுணர் கருத்து கேட்டிருந்தார்கள். கருத்து சொல்ல வேண்டியவர் பெனாசிர்.

பெனாசிர் மருதவாணனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"எழுதப் போறேன். வேற ஏதாவது சேர்க்கணுமா?"

மருதவாணன் நகலைப் பார்த்தார். இனியாளின் கையெழுத்து ஓரத்தில் இருந்தது.

"கேட்டது ஈசிஜி பத்தி மட்டும்தானே மேடம்."

"ஆமா."

"அப்போ அது போதும்."

பெனாசிர் எழுதினார். படித்த விதம் சரியானது என்ற ஒரே வரி. கீழே கையெழுத்து.

விசாரணை மலை மேல் நடந்தது. மருதவாணனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வருஷக்கணக்காக உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்த அதே அறை. அவருடைய பழைய நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரமாக ஒரு பெஞ்சில் இறந்தவரின் மனைவி குணவதி. எதிர்ப்பக்கம் இனியாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

குணவதி மருதவாணனைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். அவருடைய மூன்று பிரசவத்தையும் பார்த்தவர் மருதவாணன்தான்.

"நடந்ததைச் சொல்லும்மா" என்றார் அதிகாரி.

"கட்டில்ல படுக்க வச்சாங்கய்யா. ஒயரை எல்லாம் மாட்டினாங்க. நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். கை சில்லுனு இருந்துச்சு. வேர்த்துக்கிட்டே இருந்துச்சு. டாக்டரம்மாகிட்ட சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஃபோனைக் காட்டினாங்க. நம்ம மருதவாணன் டாக்டரே பார்த்துட்டார், கவலைப்பட வேண்டாம்னு சொல்லியிருக்கார்னாங்க."

"அப்புறம்?"

"நம்ம டாக்டரே சொல்லிட்டாரேன்னு நினைச்சேன். அதுவரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தவ, அப்பதான் கொஞ்சம் ஆறினேன்." குணவதி தன் உள்ளங்கையைப் பார்த்தார். "கையை விட்டுட்டு டீ வாங்கப் போனேன்யா. அவர் காலையில இருந்து ஒன்னும் குடிக்கலை."

வெளியே ஜீப் ஒன்று ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது.

குணவதி மருதவாணன் பக்கம் திரும்பினார்.

"நீங்க இங்கயே இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுய்யா. நீங்க தொட்டுப் பார்ப்பீங்க."

மருதவாணன் தரையைப் பார்த்தார்.

அதிகாரி இனியாளிடம் கேட்டார்.

"நாடி பார்த்தீங்களா?"

"இல்லை சார்."

"பிரஷர்?"

"இல்லை. வெளியே கூட்டம் நிறைய இருந்துச்சு. ஹார்ட் இல்லைன்னு தெரிஞ்சதும் மத்தவங்களைப் பார்க்கப் போயிட்டேன்."

"இதைப் படிச்ச டாக்டர் உங்களை ஏதாவது கேட்டாரா? நோயாளி எப்படி இருக்கார்னு?"

இனியாள் மருதவாணனைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு அதிகாரியிடம் திரும்பினார்.

"தப்பு என்னுடையது சார். நான்தான் பக்கத்துல இருந்தேன்."

அதிகாரி பெனாசிரின் கருத்தை எடுத்து ஒருமுறை வாசித்தார்.

"டாக்டர் மருதவாணன், உங்க மேல எதுவும் இல்லை. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

மருதவாணனுக்குச் சொல்ல வேண்டியது நெஞ்சு வரை வந்தது. படிப்பு முடிய இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"இல்லை சார்" என்றார்.

பஸ்ஸில் இறங்கி வரும்போது ஃபோனை ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை.

அந்த வாரமே இனியாளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். உத்தரவைப் படம் எடுத்து மருதவாணனுக்கு அனுப்பியது இனியாள்தான். 'சார், இதை எதிர்த்து எழுத முடியுமா?' என்று மட்டும் கேட்டிருந்தார். மருதவாணன் அதை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார். பதில் போடவில்லை.

வார்டில் அவருடைய வேலை கெட்டது. தாளைக் கையில் எடுத்தால் கோடுகள் ஒன்றோடு ஒன்று கலந்தன. டிவைடரை எங்கோ வைத்துவிட்டுத் தேடவும் இல்லை. ஃபோனுக்கு வந்த படங்களைத் திறக்கவில்லை. ஜூனியர்கள் கேட்டால் மேடத்தைக் கேளுங்கள் என்றார்.

கடைசியில் அவரே பெனாசிரின் அறைக்குப் போனார். மழை வரும் போலிருந்த ஒரு மத்தியானம். பெனாசிர் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"இனியாளைச் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க மேடம்."

"தெரியும்."

"என் மேல ஒன்னும் இல்லைன்னுட்டாங்க."

"அதுவும் தெரியும்."

மருதவாணன் நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அன்னைக்கே கேட்டிருக்கணும் மேடம். கை எப்படி இருக்கு, நாடி இருக்கா, வேர்க்குதான்னு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா மலையில இருந்த அந்தப் பழைய மருதவாணனுக்கே தெரிஞ்சிருக்கும், இது ரத்தம் போற ஆள்னு. எனக்குத் தெரியாம இல்லை. கேட்கத் தோணலை."

பெனாசிர் அடுத்த தாளைக் கையில் எடுத்தார்.

"உங்களுக்கும் அது தெரியும். என் பதிலைப் படிச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ஆமா."

"அப்புறம் ஏன் மேடம் அந்தக் கருத்துல எழுதலை?" அவர் குரல் ஏறியது. "இன்னும் ஒரே ஒரு வரி. படிச்சது சரி, ஆனா நோயாளியைப் பத்திக் கேட்டிருக்கணும்னு. நீங்க எழுதியிருந்தா யாரும் மறுக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு மேல மொத்தமும் விழுந்திருக்காது."

பெனாசிர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்.

"எனக்கு வந்தது தாள் மட்டும்தான், டாக்டர். விசாரணை நடந்த அறையில இருந்தது நீங்க."