மூன்றாவது வாக்கியம்

“நான் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு மிஸ். எனக்குப் பின்னாடி வந்த பயலுவ எல்லாம் பெர்ஃபெக்ட் டென்ஸுக்குப் போயிட்டானுவ. என்னைய மட்டும் ஏன் சிம்பிள் டென்ஸுலயே உக்கார வச்சிருக்கீங்க?”

கேட்டவர் ராஜாமணி அண்ணாச்சி. கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. அந்தக் கடையின் மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் பெனிட்டா மிஸ், அண்ணாச்சியின் மகனைவிட இளையவர்.

மிஸ் பலகையைக் காட்டினார்.

அந்த வகுப்பின் வழக்கம் அது. யார் வந்தாலும் பலகைக்குப் பக்கத்தில் நின்று மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். நேற்று செய்து முடித்தது ஒன்று. தினமும் செய்வது ஒன்று. நாளை செய்யப்போவது ஒன்று. சிம்பிள் டென்ஸ் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும்.

அண்ணாச்சி வேண்டாவெறுப்பாக எழுந்து போனார்.

“எஸ்டர்டே ஐ சோல்டு எ பிக் குக்கர். எவ்ரி டே ஐ ஓப்பன் மை ஷாப். டுமாரோ ஐ வில் கால் ஜோனாலி.”

நேற்று பெரிய குக்கர் விற்றார். தினமும் கடை திறக்கிறார். நாளை ஜோனாலியைக் கூப்பிடுவார். தடங்கலே இல்லாமல் வந்தது. அண்ணாச்சிக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“மூணாவது தப்பு, அண்ணாச்சி.”

“வில் போட்டேனே?”

“போட்டீங்க.”

“டுமாரோவும் போட்டேனே?”

“தினமும்தான் போடுறீங்க. நாளைக்குன்னு சொன்னது ஒரு நாளாவது நேத்து வாக்கியத்துக்கு வந்துச்சா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது.

ஜோனாலி அவருடைய மருமகள். அசாம்காரி. மகன் கதிரேசன் புனேயில் அவளைப் பதிவுத் திருமணம் செய்து, ஊருக்கு அழைத்து வந்து வாசலில் நிறுத்தினான். அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைச் சாத்தினார்.

நாலு வருஷம் ஆகிறது. மகன் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறான். சாத்தினது தப்பு என்று அண்ணாச்சிக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. மகனிடம் சொன்னால் போதாது, அந்தப் பெண்ணிடமே சொல்ல வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவளுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு இந்தி தெரியாது. அதற்குத்தான் இந்த வயதில் இங்கிலீஷ். சேர்ந்த அன்றே மிஸ்ஸிடம் எல்லாம் சொல்லியிருந்தார்.

“அரைகொறையாப் பேசி அவமானப்படவா மிஸ்? எல்லா டென்ஸையும் முடிச்சிட்டு ஒழுங்காப் பேசலாம்னு பாக்கேன்.”

“கதவச் சாத்துனப்ப இலக்கணம் பாத்தா சாத்துனீங்க?”

மிஸ் எழுந்து போய் வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

அண்ணாச்சி திறந்த கதவைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். மருமகள் நம்பரை மனைவியிடம் வாங்கி வைத்தே பல நாள் ஆகிறது. இப்போதுதான் அழுத்தினார்.

“ஹலோ?” என்றாள் ஜோனாலி.

பாடம் பண்ணி வைத்திருந்த நீளமான வாக்கியம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“கதிரேசன் ஃபாதர். ஐ க்ளோஸ்டு தி டோர். ஐ டிட் ராங். எவ்ரி டே ஐ திங்க்.”

கதவைச் சாத்தினேன், தப்பு செய்தேன், தினமும் நினைக்கிறேன். அவருக்கு வந்தது அவ்வளவுதான்.

மறுமுனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை. பிறகு அவள் கம்மிய குரலில் வேகவேகமாக என்னவோ சொன்னாள். அழுகிறாளா, ஏசுகிறாளா என்றுகூட அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் புரிந்தது. அவருக்கு அது புரியாமல் இருக்குமா?

“டுமாரோ ஐ வில் கால் யூ, அப்பா.”

அண்ணாச்சி துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலே பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மிஸ் காத்திருந்து பார்த்தார்.

“மூணாவதை மட்டும் திருத்திச் சொல்லுங்க, அண்ணாச்சி. போதும்.”

“அத எம் மருமக எடுத்துக்கிட்டா, மிஸ்.”