இருபதில் ஒரு கூடு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்திரண்டு.

ஊருக்கு வெளியே, மலையடிவாரத்துத் துப்பாக்கி சுடும் திடலில் முத்தழகி டீச்சர் பெரும்பாலும் தனியாகத்தான் இருப்பார். சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவிக் காய வைப்பார். மறுபடி மருந்தும் குண்டும் அடைத்தால் அவை இன்னொரு தடவை சுடும்.

இருதயராஜ் ஒரு புதன்கிழமை பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே கறுத்துப்போன கூடுகள், இருபது.

"இதுகளைப் புதுசாக்கணும் டீச்சரம்மா. ஞாயித்துக்கிழமை போட்டிக்கு."

"கிளப்புல புதுசே இருக்கே அண்ணாச்சி."

"இதுல பத்து எங்க அண்ணன் சுட்டது. பத்து நான் சுட்டது. பதினோரு வருஷமாச்சு. எது யாருதுன்னு இப்ப எனக்கே தெரியாது."

டீச்சர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு நடந்த போட்டியில ஆளுக்குப் பத்துக் குண்டு. அண்ணன் அட்டையில பதினோரு ஓட்டை. என் அட்டையில ஒன்பது."

"உங்க குண்டு ஒண்ணு பக்கத்து வீட்டுக்கு விருந்தாடப் போயிருக்கு."

"எல்லாரும் கேட்டாங்க. என்னுது மண்மேட்டுல போயிருச்சுன்னு சொல்லிட்டேன். அண்ணன் ஒரு குண்டு கூடச் சுட்டதா ஆயிருச்சு, அவருக்குக் கிடைக்கவேண்டிய மெடல் கைவிட்டுப் போச்சு."

"அண்ணன் கேக்கலையா?"

"வாயைத் திறந்து கேக்கலை. எங்கப்பா வனக்காவலர். சின்ன வயசுல அவர்கூடக் காட்டுக்குள்ள போவோம். காலிக் கூட்டை உதட்டுல வச்சு ஊதினா விசில் வரும். ஒருத்தன் ஊதினா மத்தவன் பதிலுக்கு ஊதணும். அன்னைக்கு அண்ணன் என்னையே பார்த்து ஒரு தடவை ஊதினாரு."

"நீங்க?"

இருதயராஜ் டப்பா மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் கண்ணு மங்கிருச்சாம். ஞாயித்துக்கிழமையோட துப்பாக்கியை ஒப்படைக்கப் போறாரு. அப்புறம் அவரை நான் எங்க போய்ப் பார்ப்பேன்? வீட்டு வாசல்ல நிக்க எனக்கு முகம் கிடையாது. பக்கத்துல நின்னு, இதே கூடுகளை வச்சுச் சுடணும். பளபளன்னு இருந்தா அவரு கண்ணுக்கும் தெரியும்."

"சரி, கேட்டுக்கோங்க. வெந்நீர், கொஞ்சம் புளி, கொஞ்சம் உப்பு. பத்து நிமிஷம். எடுத்து நல்ல தண்ணியில அலசி வெயில்ல போடுங்க. மினுக்கம் வரலைன்னாலும் எடுத்துரணும்."

"பத்தே நிமிஷமா? சர்ச்சுல பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு பூராவும் வருஷா வருஷம் நான்தான் தேய்க்கிறேன். ஒரு பகல் ஊறப்போட்டு, ரெண்டு சொட்டு ஆசிட் விட்டா தங்கம் மாதிரி வரும்."

"மெழுகுத்தண்டு விரல் கனம். இது வாய்ப்பக்கம் காகித கனம்."

அவர் தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி.

வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. கூடுகள் இளஞ்சிவப்பாக இருந்தன.

"பார்த்தீங்களா டீச்சரம்மா, ரோஸ் கலர்!"

"பார்க்கிறேன். ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போற பிள்ளை மாதிரி இருக்கு. எவ்வளவு நேரம் போட்டீங்க?"

"ஒரு பகல்தான். கடைசியில ரெண்டே சொட்டு."

டீச்சர் இடுக்கியை எடுத்து ஒரு கூட்டின் வாயை லேசாக அழுத்தினார். அப்பளம் போல உடைந்தது. இன்னொன்று. அதுவும் உடைந்தது. மூன்றாவதை அவரிடமே கொடுத்தார். அவர் கையிலும் உடைந்தது.

"பித்தளையில இருந்த துத்தநாகத்தை ஆசிட் தின்னுருச்சு அண்ணாச்சி. மருந்தடைச்சுச் சுட்டா உங்க கன்னத்துப் பக்கத்துல வெடிக்கும்."

"எல்லாமா?"

"எல்லாமும்தான்."

திடலில் வேறு யாரும் இல்லை. தூரத்தில் போன வாரத்து அட்டை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் இருதயராஜ். "வீட்டுக்காரி போய் நாலு வருஷமாச்சு. போதும், எடுங்கன்னு சொல்ல வீட்டுல ஆள் இல்லை."

டீச்சர் உடைந்ததையும் சேர்த்து டப்பாவில் இருந்ததை ஒரு தடவை எண்ணினார்.

"பத்தொன்பதுதானே இருக்கு?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். கன்னங்கரேலென்று இருந்தது. எவ்வளவு மினுக்கம் ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஊறப்போடாமல் வைத்துக்கொண்டாராம்.

டீச்சர் அதை வாங்கிக்கொண்டார். வெந்நீரில் புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, பத்து நிமிஷம் வைத்தார். எடுத்து அலசினார். பிறகு சோப்புப் போட்டு, சின்ன பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்தார். அதோடு விடவில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெயிலில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் நிறுத்தினார்.

நிழல் நகரும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காய்ந்த கூடு மங்கலான மஞ்சளாக இருந்தது. ஒரு பக்கம் கறுப்புத் திட்டு போகவே இல்லை.

"பளபளப்பு வரலையே டீச்சரம்மா."

"வராது."

"இது அவரு சுட்டதா, நான் சுட்டதா, அதுவும் தெரியலை. இந்த ஒத்தைக் கூட்டை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை நான் எப்படிச் சுடுவேன்?"

டீச்சர் கூட்டின் வாயைத் துணியால் இன்னொரு தடவை துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"சுடுறதுக்குன்னா ஒரு தடவை கழுவினாப் போதும் அண்ணாச்சி. உதட்டுல வைக்கிறதுக்குத்தான் மூணு தடவை கழுவினேன்."