செலஸ்தின் கண்ட சம்மனசு

“ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது, லெப்பை?”

தஸ்நேவிஸ் குடிசைக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

உவைஸ் லெப்பை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “எந்த ஆளை அண்ணாச்சி?”

“என் வீட்டுல வந்து நிக்கிறவரை.”

தஸ்நேவிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாதா கோயில்களுக்கு மரத்தில் சுரூபம் செய்கிறவர். லெப்பை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கடற்கரையில் முஸ்லிம்களின் இடுகாடான மையவாடியை ஒட்டிய ஓலைக் குடிசையில் தனியாக இருந்தார். மையித்து அடக்கக் குழி வெட்டுவார். கேட்டால்தான் பேசுவார். அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்காகப் பல மதத்துக்காரர்களும் வந்து போவார்கள்.

“யார் வந்து நிக்காங்க?”

“எனக்குத் தெரியலை. என் வீட்டுக்காரி கண்ணுக்குத்தான் தெரியுது.”

அவர் மனைவி செலஸ்தினுக்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பார்வையும் மங்கிப்போயிருந்தது. படுத்த படுக்கையாகி நாலாம் நாள், தங்கையிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்: அறை வாசல்ல யாரோ வந்து நிக்காங்க.

“தினமும் நிக்காராம். சம்மனசுதான், சந்தேகமில்லை. ஆனா எந்தச் சம்மனசு?”

வானதூதரை அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் இன்னும் சம்மனசு என்றுதான் சொல்வார்கள்.

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?”

“கையில இருக்கிறதை வச்சுச் சொல்லிடலாம் லெப்பை. வாளும் தராசும் இருந்தா மிக்கேல். லீலிப்பூ இருந்தா கபிரியேல். மீன் இருந்தா இரபேல். இரபேல்னா பயமில்லை, அவர் நோயைக் குணமாக்குறவர். மீனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்.”

லெப்பை மண்வெட்டியைத் துடைத்தார்.

“பதினாறு மிக்கேல் செஞ்சிருக்கேன். சுருட்டை முடி வச்சேன், ரோமாபுரிச் செருப்பு போட்டேன். எல்லாம் நானா நினைச்சுச் செஞ்சது. இப்ப கல்லறைக் கோயிலுக்கு ஒண்ணு கேட்டிருக்காங்க. உடம்பு முடிஞ்சுது. முகத்துல உளி வைக்க முடியலை. நான் செஞ்ச முகம் ஒண்ணுகூட நிஜமில்லையோன்னு இருக்கு. உங்க ஆளுகள் சொல்றதுல சம்மனசு எப்படி இருப்பாரு?”

“நாங்க உருவம் வரையிறதில்லை.”

“வாயால சொல்லலாமில்ல?”

லெப்பை மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். “ஜிப்ரீலுக்கு அறுநூறு சிறகுன்னு சொல்லுவாங்க. விரிச்சா அடிவானம் மறைஞ்சுபோகும். மீக்காயீல், நரகத்தைப் படைச்ச நாள்லேர்ந்து சிரிச்சதே இல்லையாம். இஸ்ராஃபீல், எக்காளத்தை வாயில வச்சுக்கிட்டு உத்தரவுக்குக் காத்திருக்காரு.”

“நாலாவது ஒருத்தர் உண்டே.”

“மலக்குல் மவ்த். உயிரை வாங்கிட்டுப் போறவர்.”

“அவர் எப்படி இருப்பாரு?”

“பார்த்தவங்க யாரும் திரும்பி வந்து சொல்லலை.”

தஸ்நேவிஸ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கொச்சியில ஒரு யூதக் கிழவர் சொன்னாரு. அந்த மரண தூதனுக்கு உடம்பெல்லாம் கண்ணாம். தலைமாட்டுல வாளோட நிப்பானாம். வாள் நுனியில ஒரு சொட்டுப் பித்தநீர் தொங்குமாம். பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு, எமன் ஆள் பாசக்கயிறோட வருவான்ங்கிறா. ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் எனக்கு ஒரு ஆள் கூடுது லெப்பை. இப்ப வீட்டுக்குள்ள ஒரு கூட்டமே நிக்கிற மாதிரி இருக்கு.”

“அவங்ககிட்டயே கேட்டீங்களா, கையில என்னன்னு?”

“கேட்டேன். பதில் சொல்லலை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டா.”

“எங்கே நின்னு கேட்டீங்க?”

தஸ்நேவிஸ் குனிந்து, குடிசைக்கு வெளியே நிற்கும் தன் கால்களைப் பார்த்தார்.

லெப்பை எழுந்து வந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குடிசைக்குள் இழுத்தார். தஸ்நேவிஸ் தடுமாறி உள்ளே வந்து நின்றார்.

“எத்தனை எட்டு வச்சீங்க?”

“ரெண்டு.”

“அங்கே, வாசல்லேர்ந்து கட்டிலுக்கு?”

“நாலு இருக்கும். என்னால முடியலை லெப்பை. பதினோரு நாளாச்சு. கஞ்சி குடுக்கிறது, துடைச்சு விடுறது எல்லாம் அவ தங்கச்சிதான். நான் பட்டறையிலேர்ந்து வருவேன், எட்டிப் பார்ப்பேன், போயிருவேன். உள்ளே போனா அவர்மேல மோதிருவேனோன்னு பயமா இருக்கு.”

“கட்டில்ல உக்காந்து கேளுங்க,” என்றார் லெப்பை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

*

மறுநாள் காலை பத்து மணி. நல்ல வெயில்.

தஸ்நேவிஸ் வழக்கமாகக் கையோடு கொண்டுவரும் உளியைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வந்தார். அறை வாசலில் அவர் கால்கள் நின்றுவிட்டன. உள்ளே டெட்டால் வாடை. கட்டிலில் ஒரு சிறிய உருவம். அது செலஸ்தின் என்று தன்னை நம்பவைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். நாலு எட்டு. யார்மீதும் மோதவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தார். செலஸ்தின் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

“யாரு?”

“நான்தான்.”

அவள் கை மெல்ல நகர்ந்து வந்து அவர் விரல்களைத் தடவியது. காய்ப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

“நீங்களா? ஊருக்கு வேலையாப் போயிருக்கீங்கன்னுல்லா நினைச்சேன்.”

“அவர் இப்பவும் நிக்காரா?”

செலஸ்தின் வாசலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இல்லை. காணோம்.”

“நல்லாப் பாரு.”

“வாசல் வெறுமனேதான் கிடக்கு.”

“எப்படி இருப்பாரு? சொல்லு செலஸ்தி, பயப்படாம சொல்லு.”

“நெட்டையா. ஒரு தோள் சரிஞ்சிருக்கும், வலது தோள். கையில என்னமோ மினுங்கும். வாளா என்னன்னு தெரியலை. பேச மாட்டாரு. பெருமூச்சு விடுவாரு. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் நேரம் பார்க்காருன்னு நினைச்சுக் கண்ணை இறுக்கி மூடிக்கிடுவேன். ஒரு தடவை குரல்கூடக் கேட்டுச்சு. கையில என்னன்னு கேட்ட மாதிரி. அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டேன். உங்களைத்தான் நினைச்சேன். நீங்க இருந்தா விடமாட்டீங்கன்னு.”

நாற்பது வருஷம் மரச்சுத்தியலான கொட்டாப்புளி அடித்த வலது தோள் அவருக்கு. சட்டை தைக்கிறவர்கூட அந்தப் பக்கத்தை அரை விரல் இறக்கித்தான் தைப்பார்.

தஸ்நேவிஸ் அவள் கையைத் தன் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். விரல்கள் நனைந்தன.

“ஏன் அழுறீங்க?” என்று கேட்டாள் செலஸ்தின்.

*

“நான்தான் லெப்பை. பதினோரு நாளும் நானேதான் அவளைப் பயமுறுத்தியிருக்கேன்.”

அன்று மாலையே தஸ்நேவிஸ் கடற்கரைக்கு வந்து சொன்னார்.

“அப்போ வேற யாரும் இல்லை. இனிப் பயமில்லை, இல்லையா?”

லெப்பை மையவாடிப் பக்கம் பார்த்தார். ஈரம் காயாத மண்மேடு ஒன்று அங்கே இருந்தது.

“அவங்க தனியா இருப்பாங்க. போங்க, அண்ணாச்சி.”

*

அதன்பிறகு தஸ்நேவிஸ் அந்த அறையை விட்டு அதிகம் நகரவில்லை. கஞ்சி ஊட்டினார். தலை வாரினார். எண்ணெய் போதாமல் முதல் இரண்டு நாள் சிக்கெடுத்து அவளை வலிக்க வைத்தார். பட்டறையில் முகமில்லாத மிக்கேல் தூசி படிந்து நின்றார்.

எட்டாம் நாள் மதியம். மைத்துனி கோயிலுக்குப் போயிருந்தாள். தெருக்கதவு தாழிட்டிருந்தது. தஸ்நேவிஸ் வாசலுக்கு முதுகைக் காட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

செலஸ்தின் அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள்.

“உங்க பின்னால யாரோ நிக்காங்க.”

அவர் கையில் ரோமம் சிலிர்த்து நின்றது.

இந்தத் தடவை அது அவரில்லை.

“யாரு செலஸ்தி? தங்கச்சியா?”

“இல்லை. இது வேற.”

காற்றில்லை. ஜன்னல் திரை அசையவில்லை. பிடரியில் மட்டும் ஏதோ குளிர்ந்தது. அடிவானத்தை மறைக்கும் சிறகுகள் அவருக்கு நினைவு வந்தன. உடம்பெல்லாம் திறந்திருக்கும் கண்கள். சொட்டக் காத்திருக்கும் அந்தத் துளி. கயிறு. அத்தனையும் அவர் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். எந்தச் சுரூபக்காரனும் பார்க்காததைப் பார்த்துவிடலாம். எழுந்து ஓடினாலும் ஓடிவிடலாம். ஆனால் ஓடுவதற்கும் அந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும்.

“கிட்ட வராங்க,” என்றாள் செலஸ்தின். அவள் விரல்கள் அவர் கையைக் கவ்விக்கொண்டன. “எனக்குப் பயமா இருக்குங்க.”

அவர் குனிந்து அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனார்.

“பயப்படாதே. அங்கே பார்க்க வேண்டாம். என்னைப் பாரு.”

அவள் பார்த்தாள்.

*

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் தஸ்நேவிஸ் கடற்கரைக்குப் போனார். குடிசைக்குள் நுழைந்து லெப்பைக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார்.

லெப்பை தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“இருபது வருசமாக் குழி வெட்டுறேன் அண்ணாச்சி. அவர் வந்துட்டுப் போனப்புறம்தான் என்னைக் கூப்பிடுவாங்க. ஒரு நாளும் பார்த்ததில்லை. யார்கிட்டயும் சொன்னதில்லை, எனக்கு ரொம்பப் பயம் உண்டு.” குரல் தழைந்தது. “நீங்க அவ்வளவு பக்கத்துல இருந்திருக்கீங்க. கடைசியிலயாவது திரும்பிப் பார்த்திருப்பீங்க. எப்படி இருந்தாரு?”

“தெரியலை லெப்பை,” என்றார் தஸ்நேவிஸ். “நான் அவ முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”