நாற்பத்தேழாம் கேள்வி

"நூறு பிள்ளைகள் ஒண்ணாம் வகுப்புல சேர்றாங்க. அஞ்சாம் வகுப்புல எண்ணிப் பார்த்தா முப்பத்தெட்டுப் பேர். மீதிப் பேர் எங்கே போறாங்க?"

கேட்டவர் வேதாசலம். வயது ஐம்பத்தெட்டு. அந்த நாட்டின் திட்டக்குழுவில் கல்வி முழுவதும் அவர் பொறுப்பு.

கேள்வி யாரிடம் போனதோ அந்த மரகதவல்லிக்கு வயது முப்பத்தொன்று. உப்பளத்து ஓரம் ஒற்றை அறைப் பள்ளியின் ஒரே ஆசிரியை.

யார் யாரைப் பார்த்து முதலில் கும்பிட வேண்டும் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேதாசலம் அதை மறந்துவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வி அவரை அவ்வளவு அரித்திருந்தது.

மூன்று திட்டங்கள் போட்டாயிற்று. முதல் திட்டத்தில் கட்டடம் கட்டினார். இரண்டாவதில் மதியச் சோறு போட்டார். மூன்றாவதில் சட்டையும் செருப்பும் கொடுத்தார். எல்லாம் நல்ல காரியங்கள்தான், குறை சொல்ல நான் யார்? பதினைந்து வருடத்தில் முப்பத்தைந்து முப்பத்தெட்டாயிற்று.

இந்தப் பள்ளியில் மட்டும், இந்த டீச்சர் வந்த மூன்று வருடமாக, சேர்ந்த பிள்ளை ஒன்றுகூட நடுவில் நிற்பதில்லை என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதும் ராத்திரி ரயிலைப் பிடித்து வந்துவிட்டார்.

"உங்க ரகசியத்தைச் சொல்லுங்க டீச்சர். திங்கட்கிழமை நாலாவது திட்டம் மந்திரி மேஜைக்குப் போகணும். எல்லா அத்தியாயமும் முடிஞ்சுபோச்சு. இது ஒண்ணுதான் வெறும் தாளா இருக்கு."

"வெறும் தாளாவே போனா என்ன ஆகும், சார்?"

வேதாசலத்துக்குப் பொய் சொல்ல வராது.

"என் உதவியாளர் ஒரு பத்தி எழுதி வச்சிருக்கார். இருபது பிள்ளைகளுக்குக் குறைஞ்ச பள்ளிகளை மூடிட்டுப் பெரிய பள்ளியோட சேர்த்துடலாம்னு. அது போயிடும்."

"பெரிய பள்ளி இங்கேயிருந்து பதினோரு கிலோமீட்டர்."

"தெரியும். உங்ககிட்ட எத்தனை பேர்?"

"இருபது."

"அப்போ உங்களுக்குக் கவலையில்லை."

மரகதவல்லி வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். ஒரு பெயருக்கு நேராக வரிசையாக நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன.

"முத்துப்பேச்சி. அஞ்சாம் வகுப்பு. இன்னைக்கோட அஞ்சு நாள். நாலு மணிக்கு மணி அடிக்கிறதுக்குள்ள வரலைன்னா பேரை அடிச்சிட்டு இடைநின்றவர்னு எழுதணும். மூணாவது திட்டத்துல உள்ள விதி."

வேதாசலத்துக்கு அந்த விதி நன்றாகத் தெரியும். எழுதியவரே அவர்தான். பெயரை அடித்தால் பத்தொன்பது. பத்தொன்பது என்றால் பூட்டு.

"வந்ததா ஒரு குறி போட்டுடுங்களேன்," என்றார் மெதுவாக.

"போடலாம். ஆனா நீங்க சொன்ன முப்பத்தெட்டுல எத்தனை அப்படிப் போட்ட குறின்னு எனக்குத் தெரியாதே, சார்."

வேதாசலம் பதிவேட்டை அவர் பக்கமே திருப்பி வைத்தார்.

"கேள்வி கேட்டீங்க. பதில் சொல்றேன்," என்றார் டீச்சர். "முதல்ல அந்தப் புள்ளையைக் கூட்டிட்டு வாங்க."

"நீங்க போகலையா?"

"ரெண்டு தடவை போனேன். முடிச்சிட்டு வர்றேன்னுட்டா."

"எதை முடிச்சிட்டு?"

"அதை அவகிட்டயே கேளுங்க."

சொல்லிவிட்டு இரண்டாம் வகுப்பின் பக்கம் திரும்பி வாய்ப்பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

மணி இரண்டரை.

கார் உப்பளத்து வரப்பில் போகாது. வேதாசலம் நடந்தார்.

"நாலேகாலுக்குக் கிளம்பினாத்தான் சார் ரயில் கிடைக்கும்," என்று பின்னாலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்.

வெயில் கீழேயிருந்தும் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு போகும்போதே காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். வறுமையாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது.

முத்துப்பேச்சி ஒரு குடிசை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பேனா மூடி பல்லுக்கிடையில். மடியில் ஒரு கட்டுத் தாள். எதிரே தங்கமுத்து என்ற உப்பளத் தொழிலாளி, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"ஏம்மா பள்ளிக்கூடம் வரல?"

"வேலை இருக்குய்யா. நாப்பத்தொரு வீடு. இன்னும் மூணு பாக்கி."

"என்ன வேலை?"

அவள் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

அனைத்துக் குடும்பக் கல்வி நிலை ஆய்வுப் படிவம். பதினான்கு பக்கம், அறுபத்திரண்டு கேள்வி. பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று கண்டுபிடிக்க வேதாசலம் எட்டு மாதம் உட்கார்ந்து தயாரித்தது.

"இதை ஆபீசர்தானே வீடு வீடா வந்து எழுதணும்?"

"வந்தாருய்யா. திங்கட்கிழமை. வெயிலா இருக்குன்னு வரப்புலயே நின்னுட்டாரு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டாரு. எல்லாரும் என்னைக் காமிச்சாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன், தாள் குடுக்காத வீட்டுக்கு ரேஷன் கிடையாதுன்னுட்டுப் போயிட்டாரு."

அன்று வெள்ளிக்கிழமை.

வேதாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரேஷனெல்லாம் நிறுத்த மாட்டாங்கம்மா. நீ கிளம்பு. மூணு வீட்டையும் நான் எழுதறேன்."

முத்துப்பேச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியும்."

"இவர்கிட்ட கேட்டு எழுதிக் காமிங்க பார்ப்போம்."

வேதாசலம் தரையில் உட்கார்ந்தார். வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்த மனுசன், பத்து வயசுப் பெண்ணிடம் பேனாவைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் மடமடவென்று முடிந்தது. நாற்பத்தேழாம் கேள்வி வந்தது.

"இடைநின்ற குழந்தைகள் இருப்பின், அதற்கான சமூகப் பொருளாதாரக் காரணியைக் கீழ்க்காணும் குறியீடுகளுள் ஒன்றால் குறிப்பிடுக."

தங்கமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

"அய்யா, நான் உப்பு வாருறவன். அந்த மாதிரி எதுலயும் நான் சேர்ந்தது கிடையாது."

"அப்படி இல்லைங்க. உங்க மகள் ஏன் பள்ளிக்கூடம் போகலைன்னு..."

"தப்புதாங்கய்யா. அனுப்பிடுதேன்," என்று அவர் கும்பிட்டார்.

முத்துப்பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்னு கேக்காதீங்கய்யா. ஏன்னு கேட்டா ஏசுறீகன்னு நினைச்சுக்கிடுவாக. தள்ளுங்க." அவள் தங்கமுத்துவின் பக்கம் திரும்பினாள். "மாமா, மூத்தவ இப்ப எங்க இருக்கா?"

தங்கமுத்து உட்கார்ந்தார். முகம் தெளிந்தது.

"அவ அத்தை வீட்டுல இருக்கா தாயி. உனக்குத்தான் தெரியுமே, அத்தைக்குக் கண்ணு சுத்தமாப் போயிட்டு. காலையில அவளை எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போக ஒரு ஆளு வேணும்லா. நாலு வருசத்துக்கு முந்தி ஐப்பசியில விட்டுட்டு வந்தேன். அங்கன பள்ளிக்கூடம் பக்கந்தான். ஆனா அத்தையைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டேங்கா."

முத்துப்பேச்சி பேனாவை வாங்கிக் கட்டத்தில் ஒன்பது என்று எழுதினாள்.

"ஒன்பது எதுக்கு?"

"ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் தேடிட்டேன். கண்ணு தெரியாத அத்தை இல்ல. ஒம்பதுன்னா இதர. எல்லா வீட்டுக்கும் ஒம்பதுதான் வருது."

வேதாசலம் தாள்கட்டை வாங்கிப் புரட்டினார். ஒன்பது. ஒன்பது. ஒன்பது. நடுவில் ஒரு நான்கு. மறுபடியும் ஒன்பது.

தலைநகரில் ஒன்பதாம் எண்ணுக்கு என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். தெளிவில்லாத பதில் என்று அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்கச் சொன்னவரும் அவர்தான்.

"இதை எழுதினவரு ரொம்பப் படிச்சவராத்தான் இருப்பாரு," என்றாள் முத்துப்பேச்சி. "ஆனா அவரு வீட்ல யாரும் அவருகூடப் பேசமாட்டாங்க போல. பாவம்."

"இருக்கும்," என்றார் வேதாசலம்.

இரண்டாவது வீட்டை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அங்கே இரண்டு பிள்ளைகள், இரண்டும் பள்ளியில். ஆனாலும் இரண்டு இடத்தில் அவரைத் திருத்தினாள். "குடும்பத் தலைவர்னா யாரு சொல்லுவா? அடுப்பு யாரு பத்த வைக்கிறதுன்னு கேளுங்க." அவர் கேட்டார். பதில் வந்தது.

மணி மூன்று நாற்பது.

"இன்னும் ஒரு வீடு. சந்தனமாரி சித்தி," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அங்க போக எனக்கு மனசில்ல. மகனைப் பத்திக் கேட்டா சித்தி உடைஞ்சு போவாக. அதான் கடைசியா வச்சேன்."

"நான் பார்த்துக்கறேன். நீ ஓடு."

"ஏன்னு கேக்க மாட்டீகளே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினாள். உப்பளத்தில் மறைவு கிடையாது. வெள்ளை வெளியில் சிறிதாகிக்கொண்டே போய், பள்ளி வாசலில் ஒரு புள்ளி நுழைவதை வேதாசலம் நின்று பார்த்தார். அதற்கப்புறம்தான் மணி அடித்தது. அவர் வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

இருபது பேர்.

இனி திரும்பிப் போய் டீச்சரிடம் பதிலைக் கேட்டுக்கொண்டு காரில் ஏறலாம். ரயிலுக்கு நேரம் சரியாக இருக்கும். கடைசி வீட்டுக்கு ஒன்பது என்று போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் பொய் சொல்வானேன், அவர் பேனாவைத் திறந்து கட்டத்தருகே கொண்டுபோனது உண்மை.

மூடிவிட்டு நடந்தார்.

சந்தனமாரி வாசலில் உட்கார்ந்து காலில் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எழுதிக்கிடுங்க. ஒரு புள்ள. பேரு இளங்கண்ணன். மூணாம் வகுப்போட நிறுத்தி நாலு வருசமாச்சு. தப்பு எங்க மேலதான். ரேகை எங்க வைக்கணும்?"

பாடம் பண்ணி வைத்திருந்தவள் போல ஒரே மூச்சில் சொன்னாள்.

வேதாசலம் வரப்பு ஓரத்தில் நின்றார். தூரத்தில் டிரைவர் ஹார்ன் அடித்தார்.

"இளங்கண்ணன் இப்ப எங்கேம்மா இருக்கான்?"

எண்ணெய் தடவிய கை நின்றது.

ஹார்ன் மறுபடியும் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள்.

"இதோட நாலாவது தடவை தாளைத் தூக்கிட்டு வாறீக," என்றாள். "ஒவ்வொரு தடவையும் ஏன் போகல, ஏன் போகலன்னுதான் கேட்டாக. எங்க இருக்கான்னு யாரும் கேக்கல."

"இப்போ கேட்கிறேன்."

"கார் நிக்குது போல."

வேதாசலம் தாள்கட்டைத் தரையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கச் செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

சந்தனமாரி நகர்ந்து, நிழலில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டாள்.

"அப்ப உக்காருங்க," என்றாள். "சொல்லி முடிக்க நேரமாகும்."