ஆள் இருக்கு

மைதானத்தில் இரண்டாவது முறையாக மயங்கி விழுந்தாள் இசக்கியம்மாள். கல்லூரிக்கு வந்து ஒரு பருவம்கூட முடியவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று விடுதி வார்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா சந்தோஷமாகவே வந்து கூட்டிப்போவார். படித்தது போதும் என்று சொல்ல அவர் ஒரு சாக்குத் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

அவளுக்கு ஓட்டம் சொல்லித்தரும் லூர்து மிஸ் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பிஸ்கட் என்றாள். நேற்று? அதுவும் பிஸ்கட்தான்.

அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. காலைச் சாப்பாட்டை விடக்கூடாது, கீரை, முட்டை, நல்ல தூக்கம் எல்லாம் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள். அறைச் சுவரில் அட்டவணைகூடப் போட்டு ஒட்டியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் பிஸ்கட் தின்றாள்.

"நல்ல பழக்கமெல்லாம் மத்தவங்களுக்கு எப்படி மிஸ் வருது? எனக்கு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

விடுதி மெஸ்ஸுக்கு ஏன் போவதில்லை என்று மிஸ் திருப்பிக் கேட்டார்.

நடந்ததைச் சொன்னாள். வந்த முதல் நாள் தட்டோடு போய் நின்றிருக்கிறாள். எந்த நாற்காலியைத் தொட்டாலும் அதில் ஒரு துப்பட்டாவோ தண்ணீர் பாட்டிலோ கிடந்தது. ஆள் இருக்கு, ஆள் இருக்கு என்றார்கள். பாவம், அவர்கள் மேலும் தப்பில்லை, தோழிகளுக்கு சீட் போட்டிருந்தார்கள். இவளுக்கு சீட் போட ஆள் இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து பிஸ்கட்.

"நாளைக்குக் காலையில நானும் மெஸ்ஸுக்கு வரேன். உன் பக்கத்துல எனக்கொரு சீட் போட்டு வை."

மறுநாள் கூட்டம் சேருமுன்பே போய்விட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் துப்பட்டாவைப் போட்டாள். போடும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இட்லி ஆறியது. மிஸ் வரவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு பெண் வெறும் தட்டோடு வந்து அந்த நாற்காலியைத் தொட்டாள்.

"ஆள் இருக்கு," என்றாள் இசக்கியம்மாள்.

பரவாயில்லை என்று அந்தப் பெண் சிரித்தாள். தட்டை மறுபடி அடுக்கில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அந்தச் சிரிப்பு எங்கே போய் அழுகையாகும் என்று இசக்கியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். துப்பட்டாவை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"ஏய், போகாத. இங்க வந்து உக்காரு."

அவள் பெயர் யாழரசி. கணக்கு, முதல் வருடம். பல நாளாக அறையிலேயே பன்னைத் தின்று ஓட்டுகிறாளாம். இரண்டு பேரும் சாம்பாரைத் திட்டிக்கொண்டே மறுபடியும் போய் வாங்கிச் சாப்பிட்டார்கள். நாளையிலிருந்து முதலில் வருகிறவள் மற்றவளுக்கு சீட் போட வேண்டும் என்று பேச்சு.

மதியம் இசக்கியம்மாள் மிஸ்ஸைத் தேடி விளையாட்டு அறைக்குப் போனாள். பந்துக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து மிஸ் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவர் தினமும் அங்கேதான், தனியாகத்தான் சாப்பிடுவார். இத்தனை நாள் அவள் அதைக் கவனித்ததில்லை.

"காலையில நீங்க வரவே இல்லையே மிஸ்."

"வந்தேனே," என்றார் மிஸ். "ஆள் இருந்துச்சு."